மலை ஏறும் அம்மாவுக்கும் பிரஷரா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். நான் ஆசிரியை. அம்மாவுக்கு 56 வயது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறிக்கிறார். இன்றைக்கும் எங்களை விட வேகமாக மலை ஏறுவார். சளிக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் பிரஷர் 164/96 என்றார்கள். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தபோது 158/94. இரண்டு வகை மாத்திரை கொடுத்து, கிளினிக் கொப்பியும் போட்டுவிட்டார்கள். கொழும்பில் வேலை செய்யும் தம்பி ஒரு மெஷின் வாங்கி அனுப்பினான். வீட்டில் ஐந்து தடவை பார்த்ததில் 148/90, 139/86, 151/92, 142/88, 136/84 என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று வருகிறது. "சும்மா உட்கார்ந்திருக்கும்போது பார்க்கிற கணக்கை வைத்து இருதயத்தில் நோய் வரும் என்று எப்படிச் சொல்றது? மலை ஏறும்போதே எனக்கு ஒன்றும் ஆகலையே" என்று கேட்கிறார். தலை பாரமாக இருக்கிற நாளில் மட்டும் மாத்திரை போடுகிறார். தொடங்கினால் ஆயுசுக்கும் விட முடியாது, கிட்னி போய்விடும் என்று லயத்தில் சொல்கிறார்களாம். அம்மாவின் மூத்த அண்ணன் 52 வயதில் மாரடைப்பில் இறந்தவர். எனக்குப் பயம் அதுதான். எந்த எண்ணை நம்புவது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அம்மாவின் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. இத்தனை வருட கிளினிக்கில் இதைக் கேட்டவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

மலை ஏறும்போது யாருக்கும் பிரஷர் கூடும். கூடத்தான் வேண்டும். காலுக்கும் தொடைக்கும் கூடுதல் ரத்தம் போக வேண்டுமே. நல்ல சுகதேகிக்கும் செங்குத்தான ஏற்றத்தில் மேல் எண் (164/96 என்றால் 164 மேல் எண், 96 கீழ் எண்) 180ஐத் தொடலாம். ஏறி முடித்து ஒரு கல்லில் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் இறங்கிவிடும். அது வேலைக்கு ஏற்ற கூலி மாதிரி, வேலை முடிந்தால் கணக்கும் முடிந்தது. நாங்கள் பார்ப்பது வேலை இல்லாத நேரத்தில் அது எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதை. கொழுந்துக் கூடை எவ்வளவு பாரமாக இருந்தாலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இறக்கி வைத்து முதுகை நிமிர்த்தலாம். ஓய்விலும் இறங்காத பிரஷர், இறக்கி வைக்க முடியாத கூடை. தேத்தண்ணி குடிக்கும்போதும், கோயிலில் உட்கார்ந்திருக்கும்போதும், நடுச்சாமத்தில் தூங்கும்போதும் இருதயம் அதைச் சுமந்துகொண்டுதான் துடிக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு. பத்து வருடம் அப்படிச் சுமந்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

இருதயத்தின் இடது கீழ் அறைதான் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுவது. எதிரே அமுக்கம் கூடக் கூட அந்த அறையின் சுவர் தடிக்கிறது. தடித்தால் பலம்தானே என்று அம்மா கேட்கலாம். கைத் தசைக்கு அது சரி. மலை ஏறி இறங்கிப் பழகிய இருதயத்தில் அறை கொஞ்சம் விரிந்து, ஒரு துடிப்புக்குக் கூடுதல் ரத்தம் தள்ளும். அது நல்ல மாற்றம். பிரஷரால் தடித்த சுவரோ விறைத்துப் போகிறது. அழுத்தித் தள்ள அதற்குத் தெரியும், தளர்ந்து விரியத்தான் தெரியாது. விரியாவிட்டால் ரத்தம் சரியாக உள்ளே வந்து நிரம்பாது, நுரையீரல் பக்கம் தேங்கும். அப்போதுதான், "முன்னெல்லாம் ஒரே மூச்சில் ஏறுவேன், இப்ப நடுவில் நின்று போறேன்" என்று சொல்லத் தொடங்குவார்கள். வயசு போய்விட்டது என்று அவர்களே காரணமும் சொல்லிக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருதயத்தின் இடது பக்கம் தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில், தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் எடுத்துக்கொள்கிறது. தடித்த சுவருக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும், ஆனால் அது சரியாகத் தளர்வதில்லை. அதே நேரத்தில் அந்த ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்களின் உள் படலமும் ஓயாத அமுக்கத்தில் சேதமாகி, கொழுப்பு படிய இடம் கொடுக்கிறது. செலவு கூடுகிறது, வரவு குறைகிறது. ஒரு நாள் கொழுப்புப் படிவு ஒன்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் அது மாரடைப்பு. மூளைக்குப் போகிற குழாயில் அடைப்போ வெடிப்போ வந்தால் பாரிசவாதம். மேல் அறை இழுபட்டுத் துடிப்பு ஒழுங்கு கெடுவது, கிட்னி பழுதாவது எல்லாம் இதே பாதையில்தான் வருகின்றன.

இதில் எதுவும் ஆரம்பத்தில் நோவாது. அதனால்தான் "எனக்கு ஒன்றும் ஆகலையே" என்ற பேச்சை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. தலை பாரம், பிடரி வலி, மயக்கம் எல்லாம் பிரஷரை அளக்கும் கருவிகள் இல்லை. 190 இருந்தும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 110 வைத்துக்கொண்டு "பிரஷர் ஏறிடுச்சு டொக்டர்" என்று வந்தவர்களும் உண்டு. தலை பாரமான நாளில் மட்டும் மாத்திரை போடுவது, எந்த நாளில் தேவை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது போலத்தான்.

இது டொக்டர்மாருக்கும் பிந்தித்தான் விளங்கியது, டீச்சர். வயது போகப் போகக் குழாய்கள் இறுகும், அதற்குள்ளே ரத்தம் ஓட அமுக்கம் கூடத்தான் வேண்டும், அதைக் குறைத்தால் ஆபத்து என்று பெரிய பெரிய வைத்தியர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944இல் 186/108 இருந்தது. 1945 ஏப்ரல் 12ஆம் திகதி மூளையில் ரத்தம் கசிந்து இறந்த அன்று 300/190. உலகப் போரை நடத்திய மனிதரின் பிரஷரைக் குறைக்க அன்றைக்குச் சரியான மருந்து ஒன்றும் கையில் இருக்கவில்லை. இன்று நம் கிளினிக் ஜன்னலில் இலவசமாகக் கொடுக்கிற மாத்திரை அவருக்குக் கிடைத்திருந்தால் என்று நான் சில நேரம் நினைப்பதுண்டு.

1948இல் அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் என்ற சிறு நகரத்தில் 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, வருடக்கணக்காகப் பின்தொடரத் தொடங்கினார்கள். நோய் வந்த பிறகு காரணம் தேடாமல், சுகமாக இருக்கும்போதே பிரஷர், கொலஸ்ட்ரோல், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு, பிறகு யாருக்கு இருதய நோய் வருகிறது என்று பார்த்தார்கள். உட்கார வைத்து எடுத்த அந்தச் சாதாரண எண், பின்னால் வரப்போவதை முன்கூட்டியே காட்டியது. 2002இல் இப்படியான 61 ஆய்வுகளின் பத்து லட்சம் பேரின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 40 முதல் 69 வயது வரை, மேல் எண் 20 கூடினாலோ கீழ் எண் 10 கூடினாலோ மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவற்றால் இறக்கும் அபாயம் இரண்டு மடங்கானது. அதுவும் 140க்கு மேல் திடீரென்று தொடங்கவில்லை, 115/75இலிருந்தே படிப்படியாக ஏறியது.

ஆகவே 140 என்பது மனிதர்கள் போட்ட கோடு. ஆஸ்பத்திரியில் 140/90, வீட்டில் அமைதியாக எடுத்தால் 135/85, இதற்கு மேல் போனால் உயர் குருதி அமுக்கம் என்பது பெரும்பாலான இடங்களில் பழகும் கணக்கு. அமெரிக்கர்கள் 2017இல் கோட்டை 130/80க்கு இறக்கிவிட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு என்று சண்டை போடுவதில் பலன் இல்லை. இரண்டு மடங்கு என்றதும் பயந்துவிடவும் வேண்டாம். முப்பது வயதில், வேறு குறை எதுவும் இல்லாதவருக்கு அபாயம் மிகச் சிறியது, அது இரண்டு மடங்கானாலும் சிறியதுதான். அம்மாவின் கதை வேறு. 56 வயது. கூடப் பிறந்த அண்ணன் 55க்கு முன்னால் மாரடைப்பில் போனவர். அப்பாவோ சகோதரனோ 55க்கு முன், அம்மாவோ சகோதரியோ 65க்கு முன் இருதய நோயால் பாதிக்கப்பட்டிருந்தால் அதை நாங்கள் தனியாகக் குறித்துக்கொள்வோம். கிளினிக்கில் இதைச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அடுத்த முறை முதல் வேலையாகச் சொல்லுங்கள்.

சரி, எந்த எண்ணை நம்புவது?

கிளினிக் நாளை நினைத்துப் பாருங்கள். விடியக் காலை பஸ், அதற்கு முன்னால் லயத்திலிருந்து ரோட்டுக்கு நடை. ஆஸ்பத்திரி மேட்டில் ஏறி, நம்பர் எடுத்து, இடமில்லாமல் நின்று, அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போச்சே என்ற யோசனை வேறு. சிறுநீரை அடக்கிக்கொண்டு, நம்பர் தப்பிவிடும் என்று எழும்பாமல் இருப்பது. நடுவில் கன்டீனில் ஒரு தேத்தண்ணி. கூப்பிட்டதும் ஓடிப்போய்க் கையை நீட்டுவது. இதில் ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றும். அதற்காக அங்கே எடுத்த 164 பொய் என்று சொல்ல மாட்டேன், அந்த நேரத்து உண்மை அது. அம்மா ஓய்வில் இருக்கும்போது என்ன என்பதை அது மட்டும் சொல்லாது, அவ்வளவுதான்.

என் பங்குக்கும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மார்கழிக் குளிரில், வரிசை நீளமாக இருக்கிறதே என்று கம்பளிச் சட்டைக் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தவன் நான். ஒரு மூத்த தாதி வந்து, ஒன்றும் பேசாமல், நோயாளியின் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தத் தப்பைச் செய்ததில்லை.

வீட்டில் நீங்கள் எடுத்த ஐந்தையும் கூட்டி வகுத்தால் சராசரி 143/88 வருகிறது. ஒவ்வொரு தடவையும் மாறுகிறதே என்று மெஷினைக் குறை சொல்லாதீர்கள். பிரஷர் மாறிக்கொண்டே இருக்கும், ஒரே எண் வந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். கிளினிக் எண்ணை விடக் குறைவுதான், ஆனாலும் வீட்டுக் கோடான 135/85ஐத் தாண்டித்தான் நிற்கிறது. அதாவது ஆஸ்பத்திரிப் பதற்றம் ஒரு பங்கு கூட்டியிருக்கிறது, மிச்சம் அம்மாவுடையது. இன்னொரு சின்னச் சந்தேகமும் உண்டு. 136, 139 வந்தவை மாத்திரை போட்ட நாட்களா? அப்படியானால் மாத்திரை இல்லாத அம்மாவின் எண் இந்தச் சராசரியை விட மேலேதான் இருக்கும்.

ஐந்து அளவு போதாது. ஏழு நாள் எடுங்கள். காலையில் மலைக்குப் போகுமுன், மாத்திரை போடுமுன் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிடம் விட்டு. அதற்கு முந்திய அரை மணிக்குள் தேத்தண்ணியும் வெற்றிலை புகையிலையும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்கிற நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் படும்படி, காலுக்கு மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேசை மேல், நெஞ்சு மட்டத்தில். பட்டி வெறும் கையில், முழங்கைக்கு மேலே. பேச்சு கூடாது. டிவி நாடகம் ஓடும்போது எடுக்கவே கூடாது, அதில் வரும் மாமியாருக்கு நம் அம்மாவின் பிரஷர் ஏறும். குளிரும் ஏற்றும், குளிரில் தோலுக்கடியில் உள்ள குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். உங்கள் பக்கத்து விடியற்காலையைச் சொல்லவா வேண்டும். அடுப்படியில் கொஞ்சம் சூடான இடத்தில், மற்றக் கையையும் தோளையும் சால்வையால் போர்த்திக்கொண்டு எடுக்கலாம். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மிச்ச ஆறு நாளின் 24 அளவுகளுக்குச் சராசரி பாருங்கள். பார்த்ததை எல்லாம் எழுதுங்கள், நல்லதாக வந்ததை மட்டும் பொறுக்கி எழுதினால் அது கணக்கு இல்லை. தம்பி அனுப்பியது மணிக்கட்டில் கட்டுகிறதா, மேல் கையிலா என்று எழுதவில்லை. மேல் கைதான் நல்லது. பட்டி கைக்குச் சிறிதாக இருந்தால் எண் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டும், பட்டியின் அளவைக் கவனியுங்கள்.

மாத்திரைக்கு வருவோம். இரண்டு வகை கொடுத்தார்கள் என்பதற்காக நோய் முற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு மருந்தை முழு அளவில் கொடுப்பதை விட, இரண்டு மூன்றைச் சிறு அளவில் சேர்த்துக் கொடுத்தால் பிரஷர் நன்றாக இறங்கும், பக்க விளைவும் பெரிதாகக் கூடாது. இதற்கு நல்ல சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. இலங்கையின் 11 ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகப் போட்டவர்களில் ஆறு மாதத்தில் 70 வீதமானவர்கள் இலக்கைத் தொட்டார்கள். வழமையான சிகிச்சையில் 55 வீதம். மேல் எண்ணை 10 குறைத்தால் பெரிய இருதய, குழாய் நோய்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டது. அம்மாவுக்கு 10 குறைப்பது எட்டாத காரியம் இல்லை.

"விட முடியாது" என்ற பேச்சில் பாதி உண்மை. பெரும்பாலானவர்கள் நீண்ட காலம் போடத்தான் வேண்டும். உடம்பு அதற்கு அடிமையாகிவிடுவதால் அப்படி இல்லை. மாத்திரையில் பிரஷர் இறங்கியதைப் பார்த்து, சுகமாகிவிட்டது என்று நிறுத்துவது, வீடு நனையவில்லையே என்று கூரைத் தகரத்தைக் கழற்றுவது போல. உப்பும் எடையும் குறைந்து, பிரஷர் நன்றாகக் கீழே நின்றால் டொக்டரே மாத்திரையைக் குறைப்பதும் உண்டு. கிட்னி கதை தலைகீழ். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். சில மருந்துகள் கிட்னியைக் காக்கவென்றே கொடுக்கப்படுகின்றன, தொடங்கிய பின்னும், பிறகு டொக்டர் சொல்லும்போதும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நீங்கள் மருந்துப் பெயர் எழுதவில்லை, ஆகவே பொதுவாகச் சொல்கிறேன். அம்லோடிபின் என்றால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலப்ரில் என்றால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு, டொக்டரிடம் சொன்னால் போதும். தானாக நிறுத்திவிட்டு, கிளினிக்குக்கு முதல் நாள் இரவு மட்டும் போட்டுக்கொண்டு வருவார்கள் பாருங்கள், அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு மருந்தும் போட்டும் இறங்கவில்லை என்று மூன்றாவதையும் எழுதிவிடுவோம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோவு, இடுப்பு நோவு இருக்கிறதா? முப்பது வருடம் மலையில் நின்றவருக்கு இல்லாமல் இராது. அதற்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்ற நோவு மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிப் பிரஷரை ஏற்றும். பிரஷர் மருந்தின் வேலையையும் கெடுக்கும், கிட்னிக்கும் கூடாது. லயத்தில் பிரஷர் மாத்திரைக்குப் பயப்படுகிறவர்கள் இந்த நோவு மாத்திரையைப் பயமில்லாமல் போடுவதுதான் எனக்கு ஆச்சரியம். நான் ஒரு தோட்டப் பகுதியில் வேலை செய்தபோது, எத்தனை மருந்து மாற்றியும் இறங்காத ஓர் அம்மாவின் பிரஷர், வெற்றிலைப் பைக்குள் இருந்த நோவு மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்து நிறுத்திய பின் இரண்டு கிழமையில் இறங்கியது. வெற்றிலைப் பை என்றதும் இன்னொன்று, புகையிலை. வெற்றிலையை விடச் சொன்னால் என்னை ஏசுவார், தெரியும். புகையிலையை மட்டுமாவது எடுத்துவிடச் சொல்லுங்கள், இருதயத்துக்கு மட்டுமில்லாமல் வாய்க்கும் சேர்த்துத்தான்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், எல்லாம் சேர்த்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை ரொட்டி மாவில் ஒரு பங்கு, கட்டச் சம்பலில் ஒரு பங்கு, மத்தியானம் கருவாட்டில் மிச்சம் என்று, இரவுச் சோற்றுக்கு முன்னரே கணக்கு முடிந்துவிடும். கருவாட்டை விடச் சொல்லவில்லை. கிழமைக்கு ஒருநாள், ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு. ரொட்டி மாவுக்கு உப்பை நிறுத்தி, சம்பலில் தேசிக்காய்ப் புளியைக் கூட்டிப் பாருங்கள், சில கிழமையில் நாக்கு பழகிவிடும். உப்புக்குப் பதிலாக என்று விற்கிற பொட்டாசியம் உப்பை மட்டும் டொக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், சில பிரஷர் மருந்துகளோடு அது ஒத்துவராது.

மலை ஏறுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ ஓடும் நோவு, புதிதாக மூச்சு வாங்குவது, இவை நின்றதும் போய்விட்டாலும் சும்மா விடாமல் உடனே காட்டுங்கள். ஓய்விலும் நெஞ்சு நோவு நின்றபாடில்லை, வேர்த்துக் கொட்டுகிறது, முகம் ஒருபக்கம் கோணுகிறது, கை தொய்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வண்டி வரும் ரோட்டுக்கு அம்மாவை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், நாற்காலியில் வைத்துத் தூக்குங்கள். இப்படி ஒன்றும் இல்லாமல் மெஷின் மட்டும் 180/120க்கு மேல் காட்டினால், ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி எடுங்கள். அப்போதும் அதே என்றால் அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும்.

கிளினிக்கில் ஈ.சி.ஜி., சாப்பிடாமல் எடுக்கும் சீனி, கொலஸ்ட்ரோல், கிட்னிக்கான ரத்தம், சிறுநீர் ஆகியவை பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பிரஷர் தனியாக வருவதை விட, சீனியோடு கூட்டுச் சேர்ந்து வருவதுதான் மோசம். மாமா 52இல் போனவர் என்பதால் நீங்களும் தம்பியும் பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும். 35 தாண்டியவர்களைப் பரிசோதிக்க அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தனி நிலையங்களே இருக்கின்றன.

அடுத்த கிளினிக் நாளில் ஏழு நாள் கணக்கை எழுதிய தாளைக் கொப்பிக்குள் வையுங்கள், மாத்திரை அட்டைகளையும் கொண்டு போங்கள், கடையில் வாங்கியவற்றையும் சேர்த்து. அன்று காலை மாத்திரையை அம்மா வழமைபோலப் போட்டுவிட்டே போகட்டும். மெஷினையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். தாதியிடம் கேட்டால் அங்குள்ள கருவியோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துத் தருவார். கூட்டம் குறைந்த பிறகு கேட்டால் நல்லது.